பட்டம் இல்லாமல் இன்டீரியர் டிசைனர் ஆகலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 34. பி.காம். முடித்துவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் 11 வருடமாக மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். எங்கள் வீட்டு உள்வேலை முழுவதையும் கூடவே நின்று பார்த்ததில் இன்டீரியர் டிசைன் மேல் ஆசை வந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இனி காலேஜ் போக முடியாது. "படிக்காதவங்களை நம்பி யாரு வீட்டைக் கொடுப்பாங்க?" என்கிறார் மாமியார். பட்டம் இல்லாமல் இந்த வேலை செய்யச் சட்டம் இடம் தருமா? எங்கே ஆரம்பிப்பது?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்கள் மட்டும்தான் தங்களை 'ஆர்க்கிடெக்ட்' என்று சொல்லிக்கொள்ளலாம். இன்டீரியர் டிசைனர் என்ற பெயருக்கு நம் நாட்டில் அப்படி ஒரு பதிவோ உரிமமோ கிடையாது. போர்டு மாட்டலாம், பில் போடலாம். விசிட்டிங் கார்டில் மட்டும் 'இன்டீரியர் ஆர்க்கிடெக்ட்' என்று அச்சடித்துவிடாதீர்கள். வருமான வரிச் சட்டமே வக்கீல், டாக்டர் தொழில்களின் வரிசையில் உள் அலங்காரத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதனால் கூச்சப்பட ஒன்றுமில்லை.

உங்கள் மாமியார் கேட்டது நல்ல கேள்வி. யார் நம்பிக் கொடுப்பார்கள்? வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் சர்டிஃபிகேட்டைக் கேட்பதில்லை. எவ்வளவு ஆகும், எப்போது முடியும், தண்ணி பட்டால் ஊதிப்போகுமா, இந்த மூன்றைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்பார்கள். தடுமாறாமல் பதில் சொல்கிறவரிடம் சாவியைக் கொடுப்பார்கள். நான் கோவையில் ஒரு ப்ளைவுட் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். கடைக்கு வரும் ஆசாரிகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். அந்தக் கடையில் நான் கற்ற கணக்குதான் இன்றும் எனக்குச் சோறு போடுகிறது. ஆகவே உங்களுக்கும் அங்கிருந்தே ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால், உங்கள் கையில் ஏற்கெனவே இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். காஸ்டிங் ஷீட் போடத் தெரியும். பையர் சாம்பிளை ஓகே செய்யாமல் கட்டிங்குக்குப் போகக் கூடாது என்று தெரியும். டெலிவரி தேதியிலிருந்து பின்னால் எண்ணி நூல், சாயம், தையல் என்று நாள் குறிக்கத் தெரியும். இன்டீரியர் வேலையில் முக்கால்வாசி இதுதான். இன்னொன்று, லேப் டிப், அதாவது சாய மாதிரித் துணி, பார்த்துப் பழகிய கண் உங்களுடையது. டி65 என்ற பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போகும் சாயம் டிஎல்84 என்ற கடை விளக்கு வெளிச்சத்தில் வேறாகத் தெரியும் என்பது உங்களுக்குப் பழகிய விஷயம். பலகை மேல் ஒட்டும் மைக்கா, கடையின் வெள்ளை விளக்கில் சாம்பலாகத் தெரிந்து, வீட்டின் மஞ்சள் விளக்கில் பழுப்படித்து நிற்பதும் அதேதான். இதைப் படித்து வந்த பிள்ளைகளுக்குக்கூட நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. மைக்கா சாம்பிளைக் கஸ்டமர் வீட்டுக்கே கொண்டுபோய், அவர்கள் மாட்டப்போகிற விளக்கின் கீழே, செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். கதவு படுத்திருக்காது, நின்றுகொண்டுதான் இருக்கும்.

இனி கற்க வேண்டியது. ஒரு 5 மீட்டர் டேப், மூலைமட்டம், ரசமட்டம், ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டுச் சமையலறையில் தொடங்குங்கள். ஒரு சுவரைத் தரையில் ஒரு தரம், மேடை மட்டத்தில் ஒரு தரம், தலைக்கு மேலே ஒரு தரம் அளந்து எழுதுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்காது. பூச்சு வேலையில் அரை இன்ச், முக்கால் இன்ச் கூடக் குறைய வருவது சாதாரணம். எது குறைவோ அதற்குத்தான் பெட்டி செய்ய வேண்டும். மூலை சரியான மூலையா என்று பார்க்க, ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி குறித்து, இரண்டு புள்ளிகளுக்கும் இடையே குறுக்கே அளந்து பாருங்கள். 5 அடி வந்தால் மூலை மட்டமாக இருக்கிறது. வராவிட்டால் எந்தப் பக்கம் விலகுகிறது என்று நோட்டில் எழுதுங்கள். இதை அளக்காமல் எல் வடிவ மேடைக்கு கிரானைட் வெட்டச் சொன்னால் சுவரோரம் இடைவெளி விழும், அதை வெள்ளை சிமென்டால் அடைத்துவிட்டுப் போவார்கள்.

அளவோடு அந்த வீட்டு ஆட்களையும் எழுதுங்கள். சமைக்கிறவர் எத்தனை உயரம்? முழங்கையை மடக்கி நிற்கச் சொல்லி, முழங்கைக்கு 4 முதல் 6 இன்ச் கீழே மேடை வருகிற மாதிரி பாருங்கள். 5 அடி உயரமுள்ள அம்மாவுக்கு 32 இன்ச் மேடை சௌகரியம், 34 வைத்தால் தோள் வலிக்கும். கிரைண்டர் எங்கே நிற்கும், பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா, பெரிய இட்லிக் குண்டானின் உயரம் என்ன, ஃபிரிட்ஜ் கதவு எந்தப் பக்கம் திறக்கும், சிலிண்டரை மாற்ற வருகிறவர் எந்த வழியில் தூக்கி வருவார், எல்லாம் நோட்டில் இருக்க வேண்டும். படத்தில் அழகாக இருந்து, வாழும்போது எரிச்சல் தருகிற சமையலறைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதில் நிற்கிறவளைக் கேட்காமல் செய்தவை அவை.

அடுத்தது ப்ளைவுட் கணக்கு. ஒரு ஷீட் 8-க்கு 4, அதாவது 32 சதுர அடி. 7 அடி உயரம், 6 அடி அகலம், 2 அடி ஆழத்தில் மூன்று கதவு அலமாரி ஒன்று, அறைக்கு இரண்டாக ஆறு தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 எம்.எம். பலகையை 2 அடி அகலப் பட்டைகளாக அறுத்தால் ஒரு ஷீட்டுக்கு இரண்டு பட்டை. இரண்டு பக்கம், நடுவே இரண்டு தடுப்பு, ஆக 7 அடியில் நான்கு பட்டை, இரண்டு ஷீட். மேல் பலகை, கீழ் பலகை இரண்டும் 6 அடி. அந்தப் பட்டைகளில் மிஞ்சும் 2 அடி ஒவ்வொன்றும் ஒரு தட்டு. ஒரு ஷீட் முடிந்தது, இரண்டு தட்டும் கிடைத்தது. மீதி நான்கு தட்டுக்கு அரை ஷீட். மூன்று கதவுக்கு ஒன்றரை ஷீட். கூட்டினால் ஐந்து. அறுப்பில் ரம்பம் தின்னும் கனத்துக்கு இடம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். பலகைகளின் கனம் போக உள் அறை ஒவ்வொன்றும் 23 இன்ச்தான் வரும், தட்டும் அவ்வளவுதான், அதனால் இடிக்காது. பின்பக்கத்துக்கு 6 எம்.எம். இரண்டு ஷீட். டிராயர் வைத்தால் அதற்குத் தனிக் கணக்கு.

இதைக் காகிதத்தில் கட்டம் போட்டு, வெட்டுப் படமாகவே ஆசாரி கையில் கொடுங்கள். மரக்கோடு உள்ள மைக்காவாக இருந்தால் கோடு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறி போடுங்கள். "ஏழு ஷீட் எடுத்துக்கலாம், மிச்சமானா பார்த்துக்கலாம்" என்ற பேச்சு அந்தப் படத்தைப் பார்த்ததும் நின்றுவிடும். வீட்டுக்காரருக்கும் அந்த இடத்திலேயே உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

ஊதிப்போகுமா என்ற கேள்விக்கு: படுக்கையறை அலமாரிக்கு ஐ.எஸ். 303 என்ற தர எண் உள்ள ப்ளைவுட் போதும். சிங்க் அடியில், பாத்ரூம் ஓரத்தில் ஐ.எஸ். 710, கடையில் மரைன் ப்ளை என்பார்கள். ஷீட்டின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சி.எம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணை அடித்துப் பார்த்தால் எந்த நிறுவனத்துடையது, இப்போதும் செல்லுபடியாகிறதா என்று காட்டும். லோடு இறக்கும்போதே கஸ்டமர் முன்னால் அடித்துக் காட்டுங்கள். 'மரைன்' என்று முத்திரை குத்திய எல்லாமே மரைன் இல்லை.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். ஹாலைப் பெரிதாக்கச் சுவரை இடிக்கச் சொல்வார்கள். அது பாரம் தாங்கும் சுவரா, உள்ளே பில்லர் ஓடுகிறதா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுதிக் கொடுக்காமல் ஒரு செங்கல்லைக்கூடத் தொட விடாதீர்கள். ஏ.சி.க்கு எந்த ஒயர் என்பதை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனும், பாத்ரூம் ஒழுகலை அதற்கான ஆளும் சொல்லட்டும். "இது எனக்கு உட்பட்டதில்லை, சரியான ஆளைக் கூட்டி வருகிறேன்" என்று சொல்வதால் உங்கள் மரியாதை குறையவே குறையாது.

வேலையை இப்போதே விட்டுவிடாதீர்கள். லீவு நாட்களில் வேலை நடக்கும் சைட் ஒன்றில் போய் நில்லுங்கள். தெரிந்த ஆசாரியிடம் "அண்ணா, கூட இருந்து பார்த்துக்கறேன்" என்று கேட்டால் யாரும் விரட்ட மாட்டார்கள். முதல் வேலையாக முழு வீட்டை எடுக்காமல் ஒரு பூஜை அலமாரி, பிள்ளைகள் படிக்கும் மேஜை, ஒரு டி.வி. யூனிட் என்று எடுங்கள். அளந்தது, வரைந்தது, வெட்டியது, மாட்டியது என ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துத் தேதி போட்டு ஃபைலில் வையுங்கள். நாளைக்கு அதுதான் உங்கள் சர்டிஃபிகேட்.

மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள். ஜப்பானின் டாடாவோ ஆண்டோ குத்துச்சண்டை வீரராக இருந்தவர், கட்டடக்கலைக் கல்லூரிப் பக்கமே போகாதவர். 1995-இல் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு வாங்கினார். இலங்கையின் ஜெஃப்ரி பாவா வக்கீல். தான் வாங்கிய லுனுகங்கா எஸ்டேட்டைத் தோட்டமாக்கும்போதுதான் தொழில்நுட்பம் கைவசம் இல்லையே என்று உணர்ந்து படிக்கப் போனார். 1957-இல் அவர் ஆர்க்கிடெக்ட் ஆனபோது வயது நாற்பதை நெருங்கிவிட்டது. நம் மதுரை கிளப் அவர் வடிவமைத்ததுதான். ஒருவர் படிக்கவில்லை, ஒருவர் பிறகு படித்தார். உங்களுக்கும் பிள்ளைகள் வளர்ந்தபின் படிக்கத் தோன்றலாம், அந்தக் கதவை அடைத்துவிட வேண்டாம்.

கேள்வி: ஐ.டி.யில் டெஸ்டிங் வேலை, வயது 29. வேலை மாற நினைக்கிறேன். ஆன்லைனில் ஆறு மாத இன்டீரியர் கோர்ஸ், ஒன்றரை லட்சம் கட்டணம், 'வேலை நிச்சயம்' என்கிறார்கள். சேரலாமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: வேலை நிச்சயம் என்று யார் சொன்னாலும், எந்த வேலை, என்ன சம்பளம் என்று எழுதிக் கேளுங்கள் தம்பி. பல இடங்களில் அது மாடுலர் கிச்சன் ஷோரூமில் சேல்ஸ் வேலையாக இருக்கும். அதுவும் நல்ல வேலைதான், ஆனால் அதற்கு ஒன்றரை லட்சம் கட்டத் தேவையில்லை.

சாஃப்ட்வேர் மட்டும்தான் பாடம் என்றால் சேர வேண்டாம். ஸ்கெட்ச்அப், ஆட்டோகேட் இரண்டையும் உங்களைப் போன்றவர்கள் வீட்டிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம். கோர்ஸில் சைட் விசிட் உண்டா, எலெக்ட்ரிக்கல் டிராயிங், பிளம்பிங் டிராயிங், எஸ்டிமேட் சொல்லித் தருவார்களா என்று கேளுங்கள். இருந்தால் யோசிக்கலாம். அந்தப் பணத்தில் ஒரு பங்கைச் சேமித்து வைத்துக்கொண்டு, சின்ன டிசைனர் அலுவலகத்தில் குறைந்த சம்பளத்துக்கு சைட் சூப்பர்வைசராகச் சேர்வது என் கணக்கில் இன்னும் நல்லது. சனிக்கிழமைகளில் வால்டாக்ஸ் ரோடு மரக்கடைகளையும் எழும்பூர் பாந்தியன் ரோட்டுத் துணிக்கடைகளையும் சுற்றுங்கள். எதையும் வாங்க வேண்டாம். தேக்கை முகர்ந்து பாருங்கள், திரைத்துணியைக் கசக்கிப் பாருங்கள், விலையை எழுதி வாருங்கள். டெஸ்டிங்கில் தப்பு கண்டுபிடித்துப் பழகிய கண், வேலை முடிந்த வீட்டை ஒப்படைக்கும் நாளில் ரொம்ப உதவும்.

கேள்வி: பட்டம் இல்லாமல்தான் இந்தத் தொழில் செய்கிறேன். மூன்று வீடு முடித்துவிட்டேன், எல்லாமே சொந்தக்காரர்கள் வீடு. ஃபீஸ் கேட்க வாய் வருவதில்லை. அதனால் கடைக்காரர்கள் தரும் கமிஷனைத்தான் வாங்கிக்கொள்கிறேன். இது தப்பா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: தப்புதான். கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மென்மையாகப் பேச எனக்கு வராது. நான் கடைக் கல்லாவில் இருந்தவள். கமிஷன் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று அங்கிருந்து பார்த்திருக்கிறேன். கடைக்காரர் தன் பையிலிருந்து தருவதில்லை, வீடு உங்கள் சித்தியுடையது என்றால், சித்தியின் பில்லில் ஏற்றித்தான் தருகிறார். உங்கள் சித்திக்கு அது தெரியாது.

பணத்தைவிட மோசம் அடுத்து நடப்பது. அந்தக் கடையிலிருந்து நடு அடுக்கு விரிந்த ஷீட் வந்து இறங்கினால், திருப்பி அனுப்ப உங்களுக்கு நாக்கு எழாது. கீல் மூன்று மாதத்தில் தொங்கினாலும் கடைக்காரரிடம் சண்டை போட முடியாது. வீட்டுக்காரர் சார்பில் நிற்க வேண்டியவர் கடைக்காரர் சார்பில் நிற்க வேண்டி வரும். பட்டம் இல்லாமல் வருகிற நமக்கு நம்பிக்கை ஒன்றுதான் மூலதனம், அதை ஏன் விற்க வேண்டும்?

கடை கமிஷன் தந்தால் "அதைப் பில்லிலேயே தள்ளுபடியாகக் கழித்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள், கஸ்டமருக்கும் அதைக் காட்டுங்கள். உங்கள் கூலியைத் தனியாக, முன்கூட்டியே, எழுத்தில் கேளுங்கள். சொந்தக்காரர்களிடம் வாய் வரவில்லை என்றால் வாய் திறக்கவே வேண்டாம், எஸ்டிமேட்டின் கடைசி வரியாக 'வடிவமைப்பு, மேற்பார்வைக் கட்டணம்' என்று தட்டச்சு செய்து கொடுங்கள். அளவெடுக்கப் போகும் முன் ஒரு பங்கு, வரைபடம் ஒப்புதலானதும் ஒரு பங்கு, மரவேலை பாதியில் ஒரு பங்கு, சாவி கொடுக்கும்போது மீதி. சித்தி "எனக்கே ஃபீஸா?" என்று கேட்பார். "உங்களுக்குக் குறைச்சிருக்கேன் சித்தி, ஆனா வாங்காம செய்ய மாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு மாதிரி இருக்கும். வேலை முடிந்ததும் அதே சித்திதான் நாலு பேரிடம் உங்களைச் சொல்லி அனுப்புவார்.

அப்புறம் சின்னதாக இரண்டு விஷயம். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். சேவை வருமானம் வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டும். பொருளையும் நீங்களே வாங்கி மொத்தமாக பில் போட்டால் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். ஆகவே பொருள் பில்லைக் கஸ்டமர் பெயரிலேயே போடச் சொல்லுங்கள், ஒளிவுமறைவும் இருக்காது.

கேள்வி: நான் எட்டாவது வரை படித்தவன். 20 வருடமாக ஆசாரி வேலை. டிசைனர்கள் கொடுக்கும் படத்தில் உள்ள தப்பை நான்தான் திருத்திச் செய்கிறேன். பெயர் அவர்களுக்குப் போகிறது. நானும் டிசைனர் என்று சொல்லிக்கொள்ளலாமா, அல்லது அதிகப்பிரசங்கித்தனமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: அண்ணா, உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேனோ! எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத் தந்தவர்கள் உங்களைப் போன்ற ஆசாரிகள்தான். தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். மேலே திருப்பூர் தங்கைக்கு நான் பக்கம் பக்கமாகச் சொன்னதெல்லாம் உங்கள் கைக்குத் தெரியும். உங்களிடம் இல்லாதது ஒன்றுதான்: மனதில் இருப்பதை வேலை தொடங்கும் முன்பே மற்றவருக்குக் காட்டுவது. கஸ்டமர் படத்துக்குத்தான் பணம் கொடுக்கிறார், ஏனென்றால் மரத்தை இன்னும் அவர் பார்க்கவில்லை.

கட்டக் காகித நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு கட்டம் ஒரு அடி. இதுவரை நீங்கள் செய்த அலமாரிகளில் நன்றாக அமைந்த ஒன்றை எடுத்து, மேலிருந்து பார்த்தால் எப்படி, முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, நடுவே அறுத்துப் பார்த்தால் எப்படி என்று மூன்று படம் அளவோடு போடுங்கள். மூலைமட்டம் பிடித்த கைக்குக் கோடு போடுவது கஷ்டமே இல்லை. வீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை இருந்தால் அதையே ஸ்கெட்ச்அப்பில் ஏற்றச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் திருத்துங்கள். பிறகு படத்துக்கு ஒரு விலை, மர வேலைக்கு ஒரு விலை என்று இரண்டையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். இதுவரை முதலாவதை இலவசமாகக் கொடுத்து வந்திருக்கிறீர்கள்.

மெஷின் வாங்கப் பணம் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்தில் 'கலைஞர் கைவினைத் திட்டம்' பற்றிக் கேளுங்கள். 35 வயதுக்கு மேற்பட்ட கைவினைக் கலைஞர்களுக்கு மானியத்தோடு 3 லட்சம் ரூபாய் வரை கடன் தருவதற்கான திட்டம் அது, தச்சு வேலையும் அதில் உண்டு. ஆதார், குடும்ப அட்டையோடு, நீங்கள் செய்த வேலைகளின் படங்களையும் கொண்டு போங்கள்.

முதல் மூன்று படங்களை வரைந்ததும் பத்திரிகை முகவரிக்கு எனக்கு ஒரு ஜெராக்ஸ் அனுப்பி வையுங்கள். அளவுகள் பிறருக்குப் புரிகிற மாதிரி இருக்கின்றனவா என்று பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.